பச்சைப் புள்ளி

மார்ச் 3, திங்கள்

இன்று ஒரு சின்னத் தப்பைக் கண்டுபிடித்தேன். என்னுடையதுதான். ஜனவரியில் கடையின் இணையதளத்தைச் சோதிப்பதற்காக நானே அனுப்பிய பொய் வருகைகளை, உண்மையான வாடிக்கையாளர்களின் வருகைகளோடு கலந்தே என் கணிப்பு நிரலுக்குப் படிக்கக் கொடுத்திருக்கிறேன். "சமைக்கிறவங்க ருசி பாத்த கரண்டிய விருந்தாளி கணக்குல சேக்காதீங்க" என்று மாலைக் கணினி வகுப்பில் சார் முதல் வாரமே சொன்னார். குறிப்பில் அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். அடிக்கோடு போட்டதோடு சரி.

அந்த ஒரு வாரத்து வரிகளைத் தேதி பார்த்து மொத்தமாக அழித்துவிட்டேன். இனி சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்று எழுதும்போதே சந்தேகமாக இருக்கிறது.

பின்னால் படித்தால் எனக்கே புரிய வேண்டும் என்பதால் முழுவதும் எழுதி வைக்கிறேன்.

பகலில் எனக்குத் திரைச்சீலைக் கடையில் வேலை. கடை என்றால் தெருவைப் பார்த்த கடை இல்லை. வீட்டின் கீழ்த்தளமே பட்டறை. துணி உருளைகள் சுவரோடு நிற்கின்றன. நடுவில் வெட்டுமேசை, ஜன்னல் ஓரம் இரண்டு தையல் மெஷின், மூலையில் இஸ்திரிப் பலகை. விற்பனை எல்லாம் இணையத்தில்தான். வாங்குகிறவர் துணியைத் தேர்ந்தெடுத்து, தன் ஜன்னலின் அகலத்தையும் உயரத்தையும் சென்டிமீட்டரில் எழுத வேண்டும். மாமா வெட்டுவார், அத்தையும் ரேடியோ அக்காவும் தைப்பார்கள், நான் மடித்துக் கட்டி அனுப்புவேன். மாடியில் ஒரு அறையில் போன ஆகஸ்டிலிருந்து வாடகைக்கு இருக்கிறேன்.

அவர்கள் எனக்கு மாமா அத்தை உறவில்லை. முதல் நாள் "முதலாளி" என்று கூப்பிட்டேன். "நான் என்ன மில்லா வெச்சிருக்கேன்? மாமான்னு கூப்பிடு போதும்" என்றார். ரேடியோ அக்கா என்பது பட்டப்பெயர். மெஷின் நின்றாலும் அவர் பேச்சு நிற்காது.

வகுப்பில் எனக்குக் கொடுத்த பயிற்சி இது: இணையக் கடைக்கு வரும் ஒருவர் வாங்குவாரா, பார்த்துவிட்டுப் போய்விடுவாரா என்று கணினி முன்கூட்டியே சொல்ல வேண்டும். எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றார், எத்தனை முறை திரும்பி வந்தார், கூடையில் போட்டாரா, பணம் கட்டும் பக்கம்வரை போனாரா என்பதெல்லாம் பதிவாகிறது. பழைய பதிவுகளைப் படித்து அது பழகிக்கொள்ளும். வாங்குவார் என்று எண்பது சதவீதத்துக்கு மேல் தோன்றினால், பட்டறைச் சுவரில் மாட்டியிருக்கும் டேப்லெட்டில் அந்த வருகைக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி வரும். புள்ளி வந்தால் அத்தை குரல் கொடுப்பார். மாமா அந்தத் துணியில் தேவையானதைத் தனியாக எடுத்து, பச்சை நூல் கட்டிக் கீழ்த்தட்டில் வைப்பார். அந்த ஆள் வாங்குவதற்குள் துணி வேறு யாருக்கும் போய்விடக் கூடாது என்பதற்காக.

"ஜோசியம் பாக்குறியா?" என்றார் மாமா, நான் முதலில் விளக்கியபோது.

"இல்ல மாமா, கணக்கு."

"ரெண்டும் ஒண்ணுதான். தப்பாப் போனா ஜோசியக்காரன் காசத் திருப்பித் தர மாட்டான். நீ தருவியா?"

ஆனால் பத்துப் புள்ளியில் எட்டு சரியாக வந்தது. அதற்குப் பிறகு கேலி செய்வதில்லை.

மார்ச் 5, புதன்

காலையிலிருந்து மழை. மழை நாளில் மாமா பருத்தித் துணி வெட்ட மாட்டார். ஈரம் குடித்த துணி நீண்டு நிற்கும், தைத்து மாட்டிய பிறகு காய்ந்து ஜன்னலுக்கு மேலே ஏறிக்கொள்ளும் என்பார். அதனால் இன்று திரைகளின் மேல்விளிம்பில் வளையம் அடிக்கும் வேலையும் இஸ்திரியும் மட்டும். தேநீரும் ரொட்டியும் வெட்டுமேசையிலேயே சாப்பிட்டோம்.

அத்தை ஸ்டூலில் உட்கார்ந்துதான் எல்லாம் செய்கிறார். வயிற்றில் கட்டி. வரும் பதின்மூன்றாம் தேதி, வியாழக்கிழமை, ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். அடுத்த நாள் அறுவை. இனி தள்ளிப் போடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஏற்கெனவே இரண்டு முறை தேதி வாங்கிவிட்டுப் போகாமல் இருந்துவிட்டார். மூன்று வருடமாக அத்தை அந்த வீட்டை விட்டு ஒரு இரவுகூட வெளியே தங்கியதில்லை என்று ரேடியோ அக்கா சொல்லியிருக்கிறார். ஏன் என்று அப்போது நான் கேட்கவில்லை.

நாலு மணிக்கு அத்தை டேப்லெட்டைச் சுவரிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பழைய புள்ளிகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று கை நின்றுவிட்டது.

"இங்க வா. இது என்ன?"

போய்ப் பார்த்தேன். பச்சைப் புள்ளி. தொண்ணூற்றேழு சதவீதம். பெயர் இல்லாத ஒரு ஆள். பால்பச்சைத் துணி. அகலம் 94, உயரம் 163.

"தினம் வருது. சாயங்காலம் ஏழு மணி சுமாருக்கு, நாம பட்டறைய மூடினப்புறம். இதே துணி, இதே அளவு. பணம் கட்டுற பக்கம் வரைக்கும் போகுது, கொஞ்ச நேரம் நிக்குது, போயிடுது." அத்தை என்னைப் பார்க்காமலே பேசினார். "தொண்ணூத்தி நாலுக்கு நூத்தி அறுபத்தி மூணு. இப்படி ஒரு ஜன்னல் யார் வீட்டுலயும் கிடையாது. மேல பைப் போறதுக்காக உன் மாமா செவுத்த ஒரு சாண் இழுத்துக் கட்டினாரு. அதனால வந்த அளவு. அந்த ஜன்னலுக்கு நான்தான் தெச்சேன். இதே பச்சைலதான்."

எந்த ஜன்னல் என்று எனக்குத் தெரியும். நான் தினமும் அதன் அடியில்தான் தூங்குகிறேன்.

இரண்டு எண்களையும் மறுபடி படித்தேன். காரணம் இது: ஜனவரியில் நான் அனுப்பிய பொய் வருகைகளிலும் இதே அளவுதான். வகுப்புக் கணினியில், ஆள்போல நடிக்கும் ஒரு பொம்மை நிரல் எழுதினேன். தளத்துக்குப் போகும், பட்டியலில் முதலில் இருக்கும் துணியை எடுக்கும், ஜன்னல் அளவு எழுதும், பணம் கட்டும் பக்கத்தில் நிற்கும், திரும்பிவிடும். அளவு ஏதாவது ஒன்று வேண்டும் என்று என் அறை ஜன்னலை டேப் வைத்து அளந்து போட்டேன். ஆனால் அது ஒரு வாரத்துக்கு மட்டும். அந்த வரிகளைத்தான் திங்கட்கிழமை அழித்தேன். அத்தை காட்டுவது பிப்ரவரியும் மார்ச்சும். நேற்று மாலை வரைக்கும்.

சொல்ல வாயெடுத்தேன். மாமா இஸ்திரியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். உறுதியாகத் தெரியாமல் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

"ஏங்க, நாலு மீட்டர் எடுத்து வைங்க" என்றார் அத்தை.

மாமா பால்பச்சை உருளையை மேசையில் உருட்டி, அளந்து, மழை நாள் என்று தெரிந்தும் வெட்டினார். பச்சை நூல் கட்டும்போது அவருக்கு முடிச்சு விழவில்லை. ரேடியோ அக்கா எழுந்து போய்க் கட்டிக் கொடுத்தார். அவர்கூட ஒன்றும் பேசவில்லை.

மார்ச் 6, வியாழன்

பார்சலைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ரேடியோ அக்காவோடு நனைந்துகொண்டே திரும்பினேன். பாதிக் குடை அவருக்கு, கால்வாசி எனக்கு.

"அவங்களுக்கு ஒரே பொண்ணு. பாப்பான்னுதான் கூப்பிடுவாங்க. உன் வயசுதான் இருக்கும் இப்ப" என்றார். "சிநேகிதிகூட வேற ஊருக்கு வேலைக்குப் போறேன்னா. உன் மாமா போகக் கூடாதுன்னாரு. பேச்சு வளந்துபோச்சு. இவரு என்ன பண்ணினாரு தெரியுமா? அவ பொட்டியத் தூக்கிக் கடையில பூட்டி வெச்சுட்டாரு. பொட்டி இல்லாம எங்க போவான்னு நெனச்சாரு."

"அப்புறம்?"

"காலைல பாத்தா ஆளில்ல. ஜன்னல்ல திரையும் இல்ல. திரையக் கழட்டி அதுலயே துணிமணிய மூட்டையாக் கட்டிட்டுப் போயிட்டா. மூணு வருஷமாச்சு. ஒரு போன் இல்ல."

நான் நடந்துகொண்டே யோசித்தேன். திரை தைத்து ஊருக்கெல்லாம் அனுப்பும் வீட்டில் என் அறைக்குத் திரை கிடையாது. வந்த புதிதில் கேட்டேன். மாமா "பாக்கலாம்" என்றார். மறுபடி கேட்டேன், மறுபடி "பாக்கலாம்." கடைசியில் நியூஸ்பேப்பர் ஒட்டிக்கொள்கிறேன் என்றேன். "கீழ்ப்பாதிக்கு மட்டும் ஒட்டிக்கோ. மேல ஒட்டாதே" என்றார் அத்தை.

"ஏன்க்கா மேல ஒட்டக் கூடாது?"

"தெருமுனையிலருந்து பாத்தா உன் ரூம் லைட்டு தெரியும். அது தெரியணும் அவங்களுக்கு. அவ வந்தா, ஆள் இருக்குன்னு தெரியணுமாம்." அக்கா குடையை என் பக்கம் கொஞ்சம் சாய்த்தார். "உனக்கு வாடகை கம்மி ஏன்னு நெனச்ச? பெரிய மனசுன்னா? நீ லைட்டுப் போடுறதுக்குத்தான்."

சிரித்தார். நானும் சிரித்தேன். அறைக்கு வந்து விளக்கைப் போடும்போது கை ஒரு நிமிடம் ஸ்விட்சிலேயே நின்றது. யாருக்காகவோ போடுவதுபோல இருந்தது.

பிறகு டேப்பை எடுத்து ஜன்னலை மீண்டும் அளந்தேன். 94. 163. நான் ஜனவரியில் தப்பாக அளந்திருக்கலாம், அத்தைக்குத் தப்பாக ஞாபகம் இருக்கலாம் என்று ஒரு நப்பாசை. இல்லை. பேப்பர் ஒட்டாத மேல்பாதிக் கண்ணாடியில் மழைத்தண்ணீர் வழிந்தது. எங்கோ ஒரு ஆள் தினமும் ஏழு மணிக்கு இந்தக் கண்ணாடியை நினைத்து இரண்டு எண்களை எழுதுகிறாள் என்று எண்ணிப் பார்த்தேன். அந்த எண்ணம் வந்தபின் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார முடியவில்லை.

என்னுடைய பொம்மைதானா என்று பதிவுகளை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். ஜனவரி வரிகளையும் இந்த வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே கணினியிலிருந்து வந்தனவா என்று பார்த்தால் போதும். ஆனால் ஜனவரி வரிகளைத்தான் நான் அழித்துவிட்டேனே. சுத்தம் செய்கிறேன் என்று, ஒப்பிட்டுப் பார்க்க இருந்த ஒரே பொருளையும் வீசியிருக்கிறேன்.

இன்று வகுப்பு இல்லை. நாளை வகுப்புக் கணினியில் நேரடியாகப் பார்க்க வேண்டும்.

மார்ச் 7, வெள்ளி

வகுப்புக்குப் போனேன். கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர். மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். திங்கட்கிழமை திறப்போம் என்று கதவில் காகிதம்.

திரும்பி வந்தபோது அத்தை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்துகொண்டிருந்தார்.

"ஆமாம்மா, வியாழக்கிழமை படுக்கை. வேண்டாம். இல்லல்ல, பயம் எல்லாம் இல்ல. வீட்டுல விசேஷம். ஆமா, பொண்ணு வருது."

மாமா கத்திரிக்கோலை மேசையில் வைத்த சத்தத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"உனக்கு என்ன பைத்தியமா? யாரோ ஒரு ஆள் ஏதோ அளவு போட்டதுக்கு..."

"யாரோன்னா யாரு? சொல்லுங்க பாப்போம். அந்த அளவு யாருக்குத் தெரியும்? உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும்."

எனக்கும் தெரியும் என்று நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது.

"டாக்டர் என்ன சொன்னாரு? மறந்துபோச்சா?"

"வரட்டும், பாத்துட்டுப் போறேன். நான் அங்க மயங்கிக் கிடக்கும்போது அவ வந்து கதவத் தட்டினா? நீங்களா தெறப்பீங்க?"

மாமா கத்திரிக்கோலை மறுபடி எடுத்துக்கொண்டார். அத்தை என்னிடம் திரும்பினார். முகத்தில் ஒரு வெளிச்சம். நான் இதுவரை பார்க்காதது.

"தொண்ணூத்தி ஏழுன்னா என்ன அர்த்தம்? நூத்துக்குத் தொண்ணூத்தி ஏழு வாட்டி வருவாங்களா?"

"வருவாங்கன்னு இல்ல அத்தை. வாங்குவாங்கன்னு. அதுவும்..."

"வாங்கினா எங்க மாட்டுவா? அந்த ஜன்னல் இங்கதானே இருக்கு?"

சார் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

நேற்றும் இன்றும் ஏழு மணிக்குப் புள்ளி வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வந்திருக்கவில்லை.

அத்தை டேப்லெட்டை மடியிலிருந்து இறக்கவே இல்லை. அவித்த முட்டையை உரித்து வைத்துவிட்டுச் சாப்பிட மறந்துவிட்டார். "உடம்பு சரியில்லையோ என்னமோ. மழைல நனைஞ்சிருப்பா. தலை துவட்டவே மாட்டா" என்றார். நேற்று ஆறரைக்கே என்னை மாடிக்கு அனுப்பி விளக்கைப் போடச் சொன்னார். இன்றும்.

நான் படுக்கையில் உட்கார்ந்து ஒரு விஷயத்தை மட்டும் திரும்பத் திரும்ப எண்ணுகிறேன். வகுப்பில் மின்சாரம் இல்லை. அவள் வரவில்லை. இரண்டும் ஒரே மாலையில் தொடங்கியிருக்கின்றன.

நாளை மின்சாரம் வந்துவிடும்.

மார்ச் 10, திங்கள்

வகுப்பு முழுவதும் ஈரச் சுவர் வாடை. நான் ஆறே முக்காலுக்கே போய் அந்தப் பழைய கணினியின் முன் உட்கார்ந்தேன். சுவர் ஓரம் யாரும் தொடாத கணினி. மின்சாரம் வந்து கணினி எழுந்ததும் பொம்மை நிரலும் தானாக ஓட்டத்துக்கு வந்திருந்தது. தொடங்கும் தேதி எழுதியிருக்கிறேன். முடியும் தேதி எழுதும் இடம் காலியாக இருந்தது. ஒரு வாரம் என்று நான் என் மனதில்தான் எழுதியிருக்கிறேன்.

நிறுத்தியிருக்கலாம். ஆனால் கண்ணால் பார்க்காமல் இனி எதையும் நம்பக் கூடாது என்று உட்கார்ந்திருந்தேன். ஏழு மணிக்கு, நான் கை வைக்காமலே, தளம் திறந்தது. துணிப் பட்டியல் மெதுவாக மேலே நகர்ந்தது. முதல் துணி பால்பச்சை. பட்டியலில் அதை முதலில் வைத்தவர் அத்தைதான். அகலம்: ஒன்பது, நான்கு. உயரம்: ஒன்று, ஆறு, மூன்று. ஆள்போலத் தோன்ற வேண்டும் என்று எண்களுக்கு நடுவே கொஞ்சம் தயங்கும்படி எழுதியிருந்தேன். அது தயங்கியது. உண்மையாகவே யோசிப்பதுபோல இருந்தது. பணம் கட்டும் பக்கத்துக்குப் போய் நின்றது.

அப்போது என் பையில் போன் அதிர்ந்தது. அத்தை.

"வந்துட்டா! இப்பதான்! புள்ளி வந்துடுச்சு பாரு!" மூச்சு வாங்கினார். "நல்லா இருக்கா. ஒண்ணும் ஆகல அவளுக்கு."

பின்னால் மாமாவின் குரல் கேட்டது. "உக்காரு நீ முதல்ல. உக்காரு."

திரையில் அந்தப் பக்கம் மூடிக்கொண்டது. "போயிட்டா" என்றார் அத்தை போனில், மெதுவாக.

நிரலை நிறுத்தினேன். ஓட்டத்திலிருந்து எடுத்தேன். கணினியையும் அணைத்தேன். சார் பக்கத்தில் வந்து, "என்னம்மா, அழறியா?" என்றார். சளி என்றேன்.

அதன்பின் செய்ய வேண்டியதைச் செய்தேன். கடை தொடங்கிய நாளிலிருந்து இருக்கும் மொத்தப் பதிவையும் எடுத்து, 94-ம் 163-ம் சேர்ந்து வரும் வரிகளை மட்டும் தேடினேன். அவற்றில் வகுப்புக் கணினியிலிருந்து வந்தவற்றை நீக்கினேன். ஒன்றும் மிஞ்சாது என்று எதிர்பார்த்தேன்.

ஒரு வரி மிஞ்சியது.

போன வருடம் ஜூன் மாதம். நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பு. முற்பகலில், ஒரு போனிலிருந்து. பால்பச்சை. 94, 163. அந்த ஒரு பக்கத்திலேயே பதினொரு நிமிடம். கூடையில் போடவில்லை. போய்விட்டது. அதன்பின் திரும்பி வரவில்லை.

என் நிரலிடம் அந்த வரியைக் கொடுத்துப் பார்த்தேன். வாங்கும் வாய்ப்பு ஒன்பது சதவீதம். புள்ளி இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

முதலில் மாமாவிடம்தான் சொன்னேன். அத்தை குளிக்கப் போயிருந்தார். மாமா இஸ்திரிப் பலகையில் ஒரு திரையின் அடி மடிப்பை அழுத்திக்கொண்டிருந்தார். பொம்மையைப் பற்றி, முடியும் தேதி எழுதாதது பற்றி, புதன்கிழமையே சந்தேகப்பட்டும் வாய் திறக்காதது பற்றி எல்லாம் சொன்னேன். அவர் இஸ்திரியை எடுக்கவே இல்லை. துணி கருகும் வாடை வந்தபோதுதான் எடுத்தார்.

"போச்சு" என்றார். துணியைச் சொன்னாரா என்று தெரியவில்லை.

"இன்னும் ஒண்ணு இருக்கு மாமா. ஒரே ஒரு வருகை என்னோடது இல்ல. போன ஜூன். ஏதோ ஒரு போன்லருந்து. இதே அளவு."

அவர் கருகிய இடத்தை நகத்தால் சுரண்டினார். வெகுநேரம்.

"யாருன்னு போடணும் அதுக்கு?"

"தெரியல மாமா. அதான்..."

"நான்னு எழுதிக்கோ."

மாமாவிடம் இருப்பது பொத்தான் போன். அதில் இணையம் கிடையாது. தடவுகிற போனைத் தொட்டால் விரலுக்குத் துணியின் சொரணை போய்விடும் என்று எல்லாரிடமும் சொல்வார். டேப்லெட்டைக்கூடத் தொடுவதில்லை.

"மாமா, உங்க போன்ல..."

"எழுதிக்கோன்னேன்ல."

அத்தை தலையில் துண்டோடு வந்தார். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்ததும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நான் நின்றுகொண்டே மறுபடி எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாவது தடவை சொல்வது எளிதாக இருக்கும் என்று நினைத்தேன். ரேடியோ அக்காவின் மெஷின் நடுவில் நின்றுபோனது.

"நேத்து நான் போன் பண்ணினப்ப, நீ பாத்துட்டு இருந்தியா அத?"

"ஆமா அத்தை."

"தயங்கித் தயங்கி எழுதுமா?"

"அப்படி எழுதச் சொல்லி வெச்சிருந்தேன்."

துண்டை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டார். முடியிலிருந்து தண்ணீர் தோளில் சொட்டியது. துவட்டவில்லை.

"அப்ப, ஒண்ணுகூட இல்லையா?"

நான் மாமாவைப் பார்த்தேன்.

"ஒண்ணு இருக்கு" என்றார் மாமா. "அது நான்."

அத்தை மெதுவாகத் திரும்பினார். இந்த ஏழு மாதத்தில் மாமா தன் மகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அத்தை மூன்று வருடமாகக் கேட்டிருக்க மாட்டார் என்று அந்தப் பார்வையில் தெரிந்தது.

"நீங்களா? எதுல பாத்தீங்க?"

"இவ போன்ல" என்று ரேடியோ அக்காவைக் காட்டினார். அக்கா தலையைக் குனிந்து ஊசியில் நூல் கோத்தார்.

"என்னத்துக்கு?"

"சும்மா. எவ்வளவு ஆகும்னு பாத்தேன்."

"உங்க கடைத் துணிக்கு நீங்க விலை பாத்தீங்களா?"

"ஆமா."

"என்ன துணி எடுத்தீங்க?"

"பச்சை."

அந்த ஜூன் வரியில் துணி என்ன நிறம் என்று நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. ஆனால் அந்த ஜன்னலில் தொங்கியது பச்சை. நினைவிலிருந்தும் சொல்லியிருக்கலாம். பார்த்தவராகவும் சொல்லியிருக்கலாம்.

அத்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு அவர் கையிலிருந்த கருகிய துணியை வாங்கி விரித்துப் பார்த்தார். "இது யாரோட ஆர்டர்? இனிமே இத எப்படிக் குடுக்கிறது? கண்ணு எங்க இருந்துச்சு உங்களுக்கு?" என்று திட்டினார். திட்டிக்கொண்டே அழுதார். மாமா துண்டை எடுத்து அவர் தலைமேல் போட்டுவிட்டு உருளைகளுக்குப் பின்னால் போய்விட்டார்.

ரேடியோ அக்கா தண்ணீர் குடிக்கப் போனபோது அவரை வழிமறித்துக் கேட்டிருக்கலாம். போன ஜூனில் மாமா உங்கள் போனை வாங்கினாரா என்ற ஒரே கேள்வி. கேட்டால் தெரிந்துவிடும். வழியை விட்டு நகர்ந்துகொண்டேன்.

மூன்று மணிக்கு அத்தை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். வியாழக்கிழமைப் படுக்கையை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லையாம். "இல்லம்மா, விசேஷம் தள்ளிப் போயிடுச்சு" என்றார்.

பிறகு டேப்லெட்டை எடுத்து ஏதோ தட்டினார். அதன் ஆர்டர் மணி ஒலித்தது. புது ஆர்டர். பால்பச்சை, 94, 163. பணம் கட்டியாயிற்று. முகவரி இந்த வீடு.

"எனக்குப் புள்ளி வரலையே" என்றார்.

"நீங்க நேரா வந்து ஒரே நிமிஷத்துல வாங்கிட்டீங்க அத்தை. அதுக்குள்ள அதால கணிக்க முடியாது."

"காசே கட்டிட்டேன். இன்னும் என்ன சந்தேகமாம் உன் மெஷினுக்கு?"

ரேடியோ அக்காதான் முதலில் சிரித்தார்.

"ஏழு மாசமா பேப்பர் ஒட்டிக்கிட்டுக் கிடக்கே" என்றார் அத்தை என்னிடம். "போட்டுக்கோ. தூங்கும்போது முழுசா இழுத்து மூடிக்கோ. பொண்ணு தங்குற ரூம்."

"வெளிச்சம் தெரியாதே அத்தை."

"தெரியும். இது மெல்லிசு. உள்துணி வைக்காமத் தெச்சுத் தரேன்."

பாடத்துக்காகப் பதிவுகளைத் திருத்தி எழுதினேன். என் பொம்மையின் வரிகள் எல்லாம் போயின. ஜூன் மாத வரியில், யார் என்று எழுதும் கட்டத்தில் 'மாமா' என்று தட்டினேன். அழித்தேன். இப்போதைக்குக் காலியாக இருக்கிறது. அந்த வரியை அழிக்கப்போவதில்லை என்று மட்டும் முடிவு செய்திருக்கிறேன். காலிக் கட்டத்துக்கு மதிப்பெண் குறையும் என்று சார் சொல்வார்.

நாளை செய்ய வேண்டியது: ஜன்னலில் ஒட்டிய பேப்பரைத் தண்ணீர் தொட்டுச் சுரண்டி எடுப்பது. மரச்சட்டம் மழையில் உப்பியிருக்கும், மூன்று இடத்தில் மறுபடி அளப்பது. கீழ்த்தட்டில் பச்சை நூல் கட்டி வைத்திருக்கும் நாலு மீட்டரை மாமாவிடம் எடுத்துக் கொடுப்பது. தைத்து வந்ததும் வளையம் அடித்து, அத்தை ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முந்தின மாலை, இருட்டுவதற்குள் மாட்டுவது.